சூப்பர் கார்கள் ஏன் பழுதாகின்றன? வேகம், வெப்பம், ஆயுள் – ஒரு விவாத இழை

#1 – வேகவிரும்பி

வணக்கம் நண்பர்களே. நெடுநாளாக மனத்தில் கிடக்கும் கேள்வி இது. சூப்பர் கார் என்று பேச்செடுத்தாலே இரண்டு தரப்பு வந்துவிடும். ஒரு தரப்பு மணிக்கு 400 கி.மீ. வேகம், 1000 குதிரைத்திறன் என்று எண்களை அடுக்கும். இன்னொரு தரப்பு "ஓடுவதைவிட ஒர்க்ஷாப்பில் நிற்பதுதான் அதிகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். இவ்வளவு மூளையும் உழைப்பும் கொட்டிச் செய்த வண்டி ஏன் பழுதாக வேண்டும்? குறை வடிவமைப்பில் இருக்கிறதா, தயாரிப்பிலா, வைத்திருப்பவர்கள் ஓட்டும் விதத்திலா? பிராண்டுக்காகச் சண்டை வேண்டாம். எந்தப் பாகம் ஏன் போகிறது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் போதும்.

#2 – எண்கணக்கன்

நல்ல இழை. நான் வேகத்தின் பக்கமிருந்து தொடங்குகிறேன். பழுதுக்கான காரணத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

காற்றுத் தடை வேகத்தின் இருமடிப்படி (வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு) கூடும். அதை மீறித் தள்ளத் தேவைப்படும் திறனோ மும்மடிப்படி (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு) கூடும். புகாட்டி வேரான் 2005-இல் வந்தபோது 1001 குதிரைத்திறன், 407 கி.மீ. வேகம். 2010-இல் அதன் சூப்பர் ஸ்போர்ட் வடிவம் 431 கி.மீ. எட்டியது. 431-ஐ 407-ஆல் வகுத்து மும்மடி எடுங்கள், ஏறத்தாழ 1.19 வரும். அதை 1001-ஆல் பெருக்கினால் 1189. சூப்பர் ஸ்போர்ட் எஞ்சினின் திறன் எவ்வளவு தெரியுமா? 1200. கூடுதலாகக் கிடைத்த 24 கி.மீ. வேகத்துக்கு ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் காரின் முழு எஞ்சின் அளவுக்குத் திறன் கூட்ட வேண்டியிருந்தது.

இப்போது வெப்பத்துக்கு வாருங்கள். முழு வேகத்தில் பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் கிராங்க்ஷாஃப்டுக்கு (எஞ்சினின் சுழலும் தண்டுக்கு) தரும். 1001 குதிரைத்திறன் என்றால் 736 கிலோவாட். அப்படியானால் அதைப்போல இரண்டு மடங்கு வெப்பமாக வெளியேற வேண்டும். ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போகும். மீதியை நீரும் ஆயிலும் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். வேரானில் 10 ரேடியேட்டர்கள் வைத்தது இதற்குத்தான். 1001 குதிரைத்திறனை உண்டாக்குவது பெரிய வித்தை இல்லை என்பதே என் கருத்து. அது உண்டாக்கும் வெப்பத்தை, ஒரு சாதாரண காரின் அளவுள்ள உடலுக்குள்ளிருந்து இடைவிடாமல் வெளியேற்றுவதுதான் பொறியியல்.

முழு வேகத்தில் ஓட்டினால் அந்த வண்டியின் டாங்க் ஏறத்தாழ 12 நிமிடத்தில் காலியாகும், டயர் 15 நிமிடம் தாங்கும் என்று அந்தக் காலத்தில் பரவலாகச் சொன்னார்கள். பெட்ரோல் முதலில் தீர்ந்துவிடுவது டயருக்கு நல்லது.

#3 – ஆயில்கை

எண்கணக்கன் சொன்ன வெப்பம்தான் எல்லாத்துக்கும் வேர். நான் பட்டறையில கையால தொட்டுப் பார்த்ததை வச்சு சொல்றேன்.

முன்பக்கம் எஞ்சின் இருக்கிற சாதாரண வண்டியில காத்து நேரா ரேடியேட்டர்ல அடிச்சு, எஞ்சினைத் தடவிட்டுக் கீழ இறங்கிப் போயிரும். நடுவுல எஞ்சின் வச்ச வண்டியில அந்த வசதி கிடையாது. ரேடியேட்டர் மூக்குல இருக்கும், இல்லன்னா விலாவுல இருக்கும். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால பெட்டிக்குள்ள அடைபட்டுக் கிடக்கும். வண்டி ஓடிட்டிருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. வேகமா ஓட்டிட்டு வந்து டக்குனு நிறுத்தி சாவியை அணைச்சீங்கன்னா, அதுக்கப்புறம்தான் எஞ்சின் அறையோட சூடு உச்சத்துக்குப் போகும். காத்தும் இல்லை, தண்ணி ஓட்டமும் இல்லை. டர்போவுக்குள்ள (எஞ்சினுக்குக் காத்தை அழுத்தி அனுப்புற பாகம்) நிக்கிற ஆயில் வெந்து கருகிப் படியும். இப்ப வர்ற வண்டிகள்ல எஞ்சின் அணைஞ்ச பிறகும் எலக்ட்ரிக் பம்ப் கொஞ்ச நேரம் தண்ணியைச் சுத்த விடுது, ஃபேனும் ஓடுது. பழசுல நாமதான் கடைசிக் கொஞ்ச தூரத்தை மெதுவா ஓட்டி ஆற விடணும்.

இந்தச் சூட்டுல முதல்ல சாகிறது பிஸ்டனோ கிராங்கோ இல்லை. ரப்பர் ஹோஸ், பிளாஸ்டிக் கனெக்டர், வயர் மேல இருக்கிற உறை, சென்சார், எஞ்சின் மவுண்ட். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒருநாள் விரிசல் விடும். அப்புறம் டாஷ்போர்டுல ஏதோ ஒரு லைட் எரியும். "ஃபெராரி பழுதாயிருச்சு"ன்னு ஊரெல்லாம் பேசுவாங்க. உள்ளே போய்ப் பார்த்தா ஒரு சென்சார் வயர்.

இன்னொரு பெரிய எதிரி சும்மா நிக்கிறது. இந்த வண்டிங்க வருஷத்துல கொஞ்ச நாள்தான் வெளிய வருது. மிச்ச நாள் துணி போர்த்தி நிக்குது. பேட்டரி இறங்கும். வோல்டேஜ் குறைஞ்சா கன்ட்ரோல் யூனிட் எல்லாம் தாறுமாறா எரர் கோட் எழுதி வைக்கும். ஆயில் சீல் காஞ்சு போகும். பெட்ரோல் பிசினாகும். டயர்ல ஒரே இடத்துல பாரம் நின்னு தட்டையாகும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கும். மீட்டர்ல கிலோமீட்டர் கம்மியா இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க. கம்மி கிலோமீட்டர் வண்டிதான் என்னை அதிகம் படுத்தியிருக்கு.

#4 – வி12_அன்பன்

ஆயில்கை அண்ணன் சொன்னதற்கு மெக்லாரன் எஃப்1-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. 1992-இல் வெளியான அந்தக் காரின் எஞ்சின் அறைக்குள் தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். பலர் அதைப் பகட்டு என்றே நினைக்கிறார்கள். கார்பன் ஃபைபர் உடலை எஞ்சின் வெப்பத்திலிருந்து காக்க வேண்டும். அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புவதில் தங்கத்துக்கு ஈடு மிகக் குறைவு. காரை வடிவமைத்த கோர்டன் மர்ரே அதைத் தேர்ந்தெடுத்த காரணம் அவ்வளவுதான்.

அந்தக் காரின் எஞ்சின், பிஎம்டபிள்யூவில் பால் ரோஷே உருவாக்கிய 6.1 லிட்டர் வி12 (V வடிவில் 12 சிலிண்டர்). டர்போ இல்லை, 627 குதிரைத்திறன். 1998-இல், ரெவ் கட்டுப்பாட்டை (எஞ்சின் சுழற்சிக்கான உச்ச வரம்பை) சற்று உயர்த்திவிட்டு, இருவழிச் சராசரியாக 386 கி.மீ. தொட்டது. அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது 1995 லே மான் 24 மணி நேரப் பந்தயம். சாலைக்காக வடிவமைத்த காரைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டி ஒட்டுமொத்த முதலிடம் பெற்றார்கள். விதிப்படி காற்றுக் கட்டுப்படுத்தி பொருத்தியதால் பந்தய எஞ்சினின் திறன் சாலைக் காரைவிடக் குறைவு. 24 மணி நேரம் மழையிலும் இருட்டிலும் ஓடிய எஞ்சின் அது. "சூப்பர் கார் தாங்காது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

ஆனால் அதே காரின் பராமரிப்பைப் பாருங்கள். எரிபொருள் டாங்க் பந்தயக் கார்களில் வைக்கும் ரப்பர் பை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். வண்டி ஒரு கி.மீ. கூட ஓடாவிட்டாலும் அந்தப் பைக்கு ஆயுள் முடிந்துவிடும். அதன் கணினியோடு பேச 1990-களின் காம்பேக் லேப்டாப் ஒன்றைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். இதைப் பழுது என்று சொல்வீர்களா? பந்தயக் கார் தொழில்நுட்பத்தைச் சாலைக்குக் கொண்டுவரும்போது அதன் பராமரிப்பு அட்டவணையும் கூடவே வந்துவிடுகிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

#5 – வேகவிரும்பி

மிக்க நன்றி அண்ணன்களே. அப்படியானால் ஒரு துணைக் கேள்வி. பழுதே இல்லாத சூப்பர் கார் என்று எல்லோரும் ஹோண்டா என்எஸ்எக்ஸைக் காட்டுகிறார்களே, அவர்கள் மட்டும் அதை எப்படிச் செய்தார்கள்? அது முடியுமென்றால் மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை?

#6 – அலுமினியம்90

என் செல்லக் காரைத் தொட்டுவிட்டீர்கள்.

1990-இல் என்எஸ்எக்ஸ் வந்தபோது முழு அலுமினிய மோனோகாக் (சட்டகமும் உடலும் ஒன்றான) உடல், 3.0 லிட்டர் வி6, விடெக் (வேகத்துக்கேற்ப வால்வுத் திறப்பை மாற்றும் ஹோண்டா நுட்பம்), டைட்டானியம் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு), 8000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சி). ஃபார்முலா 1 வீரர் அயர்டன் சென்னா சுசூகா பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்த்துச் சட்டகம் இன்னும் விறைப்பாக வேண்டும் என்று சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். பேசப்படாத விஷயம் வேறு. உட்கார்ந்தால் நான்கு பக்கமும் சாலை தெரியும். கிளட்ச் இலகு. ஏசி வேலை செய்யும். அன்றாடம் ஓட்டும் காரிடம் எதிர்பார்ப்பதை ஹோண்டா ஒரு சூப்பர் காரிடமும் எதிர்பார்த்தது. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்தபோது தன் அளவுகோல் என்எஸ்எக்ஸ்தான் என்று கோர்டன் மர்ரே வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை என்றால், முயலவில்லை என்பதே என் பதில். அக்காலத்தில் மற்ற நிறுவனங்கள் வாங்குபவரின் பொறுமையை நம்பியே கார் செய்தன.

#7 – எண்கணக்கன்

அலுமினியம்90, என்எஸ்எக்ஸ் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் "முயலவில்லை" என்பதை ஏற்க முடியாது. எண்களைப் பாருங்கள்.

எஞ்சின் மீது விழும் பாரத்தைத் தோராயமாக அளக்கப் பிஸ்டனின் சராசரி வேகம் நல்ல அளவை. ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகரும் தூரத்தை) இரண்டால் பெருக்கி, ஒரு வினாடிக்கான சுழற்சியால் பெருக்கினால் கிடைக்கும்.

என்எஸ்எக்ஸ்: ஸ்ட்ரோக் 78 மி.மீ., 8000 ஆர்பிஎம். வினாடிக்கு 20.8 மீட்டர்.
மெக்லாரன் எஃப்1: 87 மி.மீ., 7500 ஆர்பிஎம். 21.75 மீட்டர்.
ஃபெராரி 458: 81 மி.மீ., 9000 ஆர்பிஎம். 24.3 மீட்டர்.
கோர்டன் மர்ரேயின் டி.50: 63.8 மி.மீ., 12,100 ஆர்பிஎம். 25.7 மீட்டர்.

20.8-க்கும் 24.3-க்கும் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். ஆனால் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை சுழற்சி வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. 458-இல் 9000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேல் முனையில் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 4000 மடங்குக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும், வினாடிக்கு 150 முறை இது நடக்கிறது. என்எஸ்எக்ஸின் 274 குதிரைத்திறனை 3 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 91. 458-இன் 570-ஐ 4.5-ஆல் வகுத்தால் 127. ஹோண்டா உச்சத்துக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டது. அது அறிவான முடிவு. மற்றவர்கள் அந்த இடைவெளியையும் திறனாக மாற்றினார்கள். அதற்கும் முயற்சி வேண்டும்தானே?

#8 – அலுமினியம்90

இடைவெளி விட்டுச் செய்வதும் பொறியியல்தானே நண்பரே! உச்சத்திலேயே செய்தும் காட்டியிருக்கிறார்கள். லெக்சஸ் எல்எஃப்ஏ: யமஹாவோடு சேர்ந்து உருவாக்கிய 4.8 லிட்டர் வி10, 560 குதிரைத்திறன், 9000 ஆர்பிஎம் சிவப்புக்கோடு (சுழற்சியின் உச்ச வரம்பு). ஐடிலிலிருந்து (கியர் போடாமல் சும்மா ஓடும் நிலையிலிருந்து) 9000-க்கு 0.6 வினாடியில் ஏறிவிடும். ஊசி முள் தொடர முடியாது என்று டிஜிட்டல் டாக்கோமீட்டர் (சுழற்சி காட்டும் மீட்டர்) வைத்தார்கள். அந்த எஞ்சின் அடிக்கடி உடைந்தது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பாதி வழியில் அலுமினிய உடலை விட்டுவிட்டுக் கார்பனுக்கு மாறி மறுபடி தொடங்கினார்கள். பல ஆண்டுகள் சோதித்து 500 கார் மட்டும் செய்தார்கள். பொறுமை இருந்தால் உச்சமும் தாங்கும்.

#9 – ஆயில்கை

ரெண்டு பேரும் எஞ்சின் நெஞ்சையே பார்க்கிறீங்க. பெரிய பழுதெல்லாம் எங்கிருந்து வந்ததுன்னு ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்பக் கூப்பிடுறது) பட்டியலை எடுத்துப் பாருங்க.

2010-ல ஃபெராரி 458 தீப்பிடிச்ச விவகாரம் ஞாபகம் இருக்கா? 1,248 வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க. பின் சக்கர வளைவுல வெப்பக் கவசத்தை ஒட்டின பசை சூட்டுல இளகித் தீப்பிடிக்க வாய்ப்பு இருந்துச்சு. பசையை எடுத்துட்டு ரிவெட் அடிச்சாங்க, முடிஞ்சது. 9000 ஆர்பிஎம்ல சுத்துற அந்த அற்புதமான எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலை.

2014-ல போர்ஷே 911 ஜிடி3. ரெண்டு வண்டி எரிஞ்சதும் விசாரிச்சாங்க. கனெக்டிங் ராட் போல்ட் தளர்ந்து, ராட் எஞ்சின் உடலைக் குத்தி வெளிய வந்து, ஆயில் கொட்டித் தீப்பிடிச்சிருக்கு. 785 வண்டிக்கும் "ஓட்டாதீங்க"ன்னு சொல்லிட்டு எல்லாத்துக்கும் புது எஞ்சினே மாத்திக் கொடுத்தாங்க. என்னைக் கேட்டா ஒரு நிறுவனத்தை அது செய்த தப்பை வச்சு அளக்கிறதைவிட, தப்பு தெரிஞ்சதும் என்ன செஞ்சாங்கன்னு பார்க்கணும். அந்த விஷயத்துல போர்ஷே செஞ்சது மரியாதையான காரியம்.

2017-ல லம்போர்கினி அவென்டடார்: எரிபொருள் ஆவியைக் கையாளுற வால்வு. டாங்கை வழிய வழிய நிரப்பினா ஆவி சூடான எக்ஸாஸ்ட் பக்கம் போக வாய்ப்பு. 2022-ல ஃபெராரி: பிரேக் ஆயில் டப்பாவோட மூடி சரியா காத்து விடலை. உள்ளே வெற்றிடம் உண்டாகி ஆயில் கசிய வாய்ப்பு. அமெரிக்காவுல மட்டும் 23,555 வண்டி, 2005-ல இருந்து வந்த பல மாடல். ஒரு மூடி! கார்பன் செராமிக் பிரேக் வச்சு என்ன பிரயோஜனம், மூடி மூச்சு விடலைன்னா?

பசை, போல்ட், வால்வு, மூடி. கவர்ச்சியான பாகத்துல முழு அறிவையும் கொட்டுறாங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கிற சின்னப் பாகத்துக்கு அவ்வளவு சோதனை நேரம் கிடைக்கிறதில்லை. என் அனுபவத்துலயும் இதுதான் திரும்பத் திரும்ப நடக்குது.

#10 – தடம்_விலகாதவன்

ஆயில்கை சார் சொன்னது எண்ணிக்கைப் பிரச்சினை. லட்சக்கணக்கில் விற்கும் காரில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டரின் குறை முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும், அடுத்த ஆண்டு திருத்திவிடுவார்கள். 500 கார் செய்பவருக்கு அந்தத் தகவலே வராது. அந்த 500-ம் ஓடாமல் நின்றால் இன்னும் மோசம்.

ஆகவே பெரிய குழுமத்தின் பாகங்களைப் பகிர்ந்துகொள்ளும் சூப்பர் கார்கள் தாங்குவதில் வியப்பில்லை. 1998-இல் ஆடி லம்போர்கினியை வாங்கியது. ஹுராகானின் 5.2 லிட்டர் வி10 எஞ்சினும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியும் ஆடி ஆர்8-உடன் உறவு கொண்டவை. சூப்பர் கார்களில் பயமில்லாமல் அன்றாடம் ஓட்டக்கூடியது எது என்றால் பலரும் அந்த இரண்டையும்தான் சொல்வார்கள். அதே வீட்டில் பிறந்த அவென்டடாருக்கு எடையும் இடமும் மிச்சப்படுத்த ஒற்றைக் கிளட்ச் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். 50 மில்லி வினாடியில் கியர் மாறும். ஆனால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் விட்டும் தேயும். மெதுவாக ஊர்வது அதற்குத் தண்டனை.

#11 – வி12_அன்பன்

பராமரிப்புக்கு எளிதாக வடிவமைப்பதும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) மாற்ற எஞ்சினை முழுதாகக் கீழே இறக்க வேண்டும். அடுத்து வந்த 360-இல் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடியைக் கழற்றினால் பெல்டை எட்டிவிடலாம். அதற்கடுத்த எஃப்430-இல் பெல்டே இல்லை, செயின். மூன்றே தலைமுறையில் சூப்பர் கார் வைத்திருப்பதன் மிகப் பெரிய தலைவலி ஒன்று தீர்ந்தது. இதைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. எனக்கு அது குதிரைத்திறனைவிடப் பெரிய முன்னேற்றம்.

#12 – மின்தடம்

எல்லோரும் வால்வு, பெல்ட், ஆயில் என்கிறீர்கள். மின்சாரத்தில் இவை எதுவுமே இல்லையே! ரிமாக் நெவேரா: நான்கு மோட்டார், 1914 குதிரைத்திறன், 120 கிலோவாட்-மணி பேட்டரி, 412 கி.மீ. வேகம். 2025 செப்டம்பரில் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் ஜெர்மனியின் பாப்பன்பர்க் தடத்தில் 496.22 கி.மீ. தொட்டது. 2019-இல் புகாட்டி சிரோன் எட்டிய 490.48-ஐத் தாண்டியாயிற்று. சுழலும் பாகங்கள் குறைவு, அதிர்வு குறைவு. இனி பழுது பற்றிய பேச்சே மாறிவிடும் என்று நம்புகிறேன்.

#13 – எண்கணக்கன்

மின்தடம், மோட்டாரைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெப்பம் எங்கும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பேட்டரி செல்லின் உள்தடையில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறும். ஒருமுறை 412 தொடுவது வேறு, பந்தயத் தடத்தில் சுற்றுக்குப் பின் சுற்றாக அதே திறனைத் தருவது வேறு. பெட்ரோல் டாங்க் காலியாகக் காலியாகக் கார் இளைக்கும். பேட்டரி கடைசி வரை அதே எடை. நெவேரா 2 டன்னைத் தாண்டுகிறது. அந்த எடையை ஒவ்வொரு வளைவிலும் டயரும் பிரேக்கும்தான் சுமக்க வேண்டும்.

எஞ்சின் எதுவானாலும் கடைசி வரம்பு டயர். 490 கி.மீ. என்றால் வினாடிக்கு 136 மீட்டர். சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் மேற்பரப்பில் மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 5400 மடங்கு. அங்கே ஒட்டியிருக்கும் ஒரு கிராம் ரப்பர் ஐந்து கிலோவுக்கு மேல் கனத்தோடு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். சிரோன் ஓட்டத்துக்கு மிஷலன் டயரைக் கார்பன் இழையால் வலுவூட்டி, ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே பொருத்தினார்கள். வேரான் சூப்பர் ஸ்போர்ட் 431 ஓடியும், விற்ற கார்களை 415-இல் கட்டுப்படுத்தியது டயரைக் காக்கத்தான்.

#14 – தடம்_விலகாதவன்

சாதனை எண்களை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிரோனின் 490-ம் யு9-இன் 496-ம் ஒரு திசையில் ஓடியவை. 2017-இல் கோனிக்செக் அகேரா ஆர்எஸ் நெவாடாவின் பொதுச் சாலையை மூடிவிட்டு ஓடி எடுத்த 447.19 கி.மீ. இரு திசையின் சராசரி. பின்காற்றும் சரிவும் அதில் கழிந்துவிடும். 2020-இல் எஸ்எஸ்சி டுவடாரா 316 மைல் சராசரி என்று அறிவித்ததை, வீடியோவில் தெரியும் அடையாளங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்தே பார்வையாளர்கள் கேள்வி கேட்டார்கள். நிறுவனம் 2021 ஜனவரியில் மீண்டும் ஓடி 282.9 மைல் சராசரியைப் பதிவு செய்தது; முதலில் சொன்ன வேகத்தை எட்டவில்லை என்று அதன் பிறகே ஒப்புக்கொண்டது. அளவீடு சரியாக இல்லாத இடத்தில் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பொருளில்லை.

சிரோன் பற்றி எண்கணக்கனின் கணக்கையே நீட்டிப் பாருங்கள். வேரானின் 407-இலிருந்து 490-க்குப் போக மும்மடி விதிப்படி 1750 குதிரைத்திறன் வேண்டும். அந்தக் காரில் இருந்தது 1600. மீதியை நீட்டிய வாலும் தாழ்த்திய உடலும் காற்றுத் தடையைக் குறைத்து ஈடுகட்டின.

#15 – எண்கணக்கன்

அருமை. அதைத்தான் சொல்ல நினைத்தேன். 150 குதிரைத்திறனைக் காற்றிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

#16 – வி12_அன்பன்

பந்தயத் தொழில்நுட்பத்தைச் சாலைக்குக் கொண்டுவருவது பற்றி முன்பு எழுதினேன். அதன் இரு எல்லைகளும் இன்று நம் கண்முன் இருக்கின்றன.

ஒன்று மெர்சிடஸ்-ஏஎம்ஜி ஒன். ஃபார்முலா 1-இன் 1.6 லிட்டர் வி6 ஹைப்ரிட் எஞ்சினையே சாலைக் காரில் வைப்போம் என்று 2017-இல் அறிவித்தார்கள். பந்தய எஞ்சின் பல ஆயிரம் ஆர்பிஎம்மில்தான் நிலையாக நிற்கும். அதைச் சாலைக்கான 1200 ஆர்பிஎம் ஐடிலுக்குக் கொண்டுவந்து, புகை விதிகளுக்கும் உட்படுத்தி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. உற்பத்தி தொடங்கியதே 2022-இல். 50,000 கி.மீ.க்கு எஞ்சினைப் பிரித்துச் சீரமைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

மற்றது மர்ரேயின் டி.50. காஸ்வொர்த் செய்த 4 லிட்டர் வி12, 12,100 ஆர்பிஎம், ஆறு கியர் கைப்பெட்டி, 1000 கிலோவுக்குக் கீழே எடை. டர்போ இல்லை, ஹைப்ரிட் இல்லை. பின்னால் 400 மி.மீ. மின்விசிறி வைத்துக் காரின் அடியில் ஓடும் காற்றை ஆள்கிறார். 1978-இல் பிராபம் அணிக்கு அவர் வடிவமைத்த விசிறிக் காரின் வாரிசு. எடை குறைந்தால் டயர் சிறிதாகலாம், பிரேக் சிறிதாகலாம், வெளியேற்ற வேண்டிய வெப்பமும் குறையும். ஒரு பாகத்தில் மிச்சப்படுத்திய கிலோ அடுத்த பாகத்தின் ஆயுளைக் கூட்டுகிறது. இந்த வழியைப் பின்பற்றுபவர்கள் மிகக் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

#17 – வேகவிரும்பி

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஆயில்கை அண்ணனிடம் ஒன்று. பழைய சூப்பர் கார் ஒன்றை வாங்குமுன் பரிசோதிக்க வேண்டி வந்தால் நீங்கள் எங்கே கை வைப்பீர்கள்?

#18 – ஆயில்கை

முதல்ல வண்டியைத் தொட மாட்டேன் தம்பி, காகிதத்தைக் கேப்பேன். எந்த வருஷம் எந்த ஆயில், பெல்ட் எப்ப மாத்துனது, பிரேக் ஆயில் எப்ப, ரீகால் வேலை முடிஞ்சுதா. ரெண்டு மூணு வருஷம் காகிதத்துல ஒண்ணுமே இல்லைன்னா அந்த வருஷமெல்லாம் வண்டி நின்னிருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறி இருக்கிறப்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவேன். நான் போறதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா திரும்பி வந்துருவேன். குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போதுதான் செயின் சத்தம், டேப்பெட் சத்தம், புகை எல்லாம் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் ஓனர் எப்படி நடந்துக்கிறார்னு பார்ப்பேன். ஆயில் சூடாகுறதுக்கு முன்னாடியே ஆக்சிலேட்டரை மிதிச்சு சத்தம் காட்டினார்னா, எஞ்சின் பேரிங் எத்தனை தடவை அந்தக் கொடுமையை அனுபவிச்சிருக்கும்னு புரிஞ்சுரும்.

அப்புறம் லிஃப்ட்ல ஏத்தி அடித்தட்டைக் கழட்டணும். கழட்ட விடலைன்னா வேண்டாம். ஹோஸ் முனை, ஆயில் கசிவு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்ல விரிசல், அடித்தட்டு உரசின தடம். டயர்ல நாலு இலக்கம் பொறிச்சிருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பள்ளம் ஆழமா இருந்தாலும் வயசானா ரப்பர் கெட்டியாயிரும். இவ்வளவு வேகம் போற வண்டிக்கு அது ஆபத்து.

கார்பன் செராமிக் பிரேக்கைக் கண்ணால பார்த்து எடை போடாதீங்க. இரும்பு டிஸ்க் மாதிரி தடிமன் குறைஞ்சு தேயாது. சூட்டுல உள்ளே இருக்கிற கார்பன் எரிஞ்சு எடை குறையும். டிஸ்க் மேலயே குறைந்தபட்ச எடை எழுதியிருக்கும். கழட்டித் தராசுல வைக்கணும். சாலையில மட்டும் ஓடின வண்டின்னா ரொம்ப நாள் வரும், பந்தயத் தடத்துல அடிச்ச வண்டின்னா சீக்கிரமே போயிரும். 300-ல இருந்து நிறுத்துறதுக்கு 100-ல இருந்து நிறுத்துறதைப்போல ஒன்பது மடங்கு ஆற்றல் அந்த டிஸ்க்குக்குள்ள போகுதுன்னு எண்கணக்கன் சொல்வார்.

எலக்ட்ரானிக்ஸ் கடைசி. கம்ப்யூட்டரை மாட்டி எரர் கோட் படிக்கிறதோட நிறுத்தாதீங்க. எவ்வளவு ஆர்பிஎம்ல எத்தனை தடவை போயிருக்கு, ரெவ் வரம்பைத் தாண்டியிருக்கா, கிளட்ச் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பல வண்டியில பதிவாகி இருக்கும். கைக் கியர் வண்டியில தப்பான கியர்ல போட்டு வரம்பைத் தாண்டினா எந்தக் கட்டுப்பாடும் எஞ்சினைக் காப்பாத்தாது. அந்தப் பதிவை அச்செடுத்து வாங்கிக்குங்க. இதெல்லாம் சரியா இருந்து, வாங்கினதுக்கு அப்புறம் வாரம் ஒரு தடவையாவது ஆயில் நல்லா சூடாகுற அளவு ஓட்டுங்க. ஓட்ட முடியாத மாசத்துல பேட்டரியில சார்ஜரை மாட்டி வைங்க.

#19 – அலுமினியம்90

ஆயில்கை அண்ணன் சொன்னதோடு ஒன்று மட்டும்: அலுமினிய உடல் கார்களில் விபத்துக்குப் பின் தட்டி நேராக்கிய இடம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரை உடன் அழைத்துப் போங்கள். எஃகைப்போல அலுமினியத்தை நினைத்த மாதிரி நிமிர்த்த முடியாது. சட்டகம் ஒருமுறை முறுக்கினால் சஸ்பென்ஷன் அளவு எதுவும் அதன்பின் நிற்காது. கார்பன் உடலென்றால் விரிசல் உள்ளடுக்கில் இருக்கும், வெளியே பெயின்ட் பளபளப்பாகவே தெரியும். தட்டிப் பார்த்தும் ஸ்கேன் செய்தும் கண்டுபிடிக்க அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

#20 – வேகவிரும்பி

குறித்துக்கொண்டேன் அண்ணா. அடுத்து டிரை சம்ப் (ஆயிலைத் தனி டாங்கில் வைக்கும்) ஆயில் அமைப்பு பற்றித் தனி இழை தொடங்குகிறேன். வளைவுகளில் ஆயில் பம்பைவிட்டு ஒதுங்கும் சிக்கலைப் பற்றி எண்கணக்கன் அங்கே எழுத வேண்டும்.